பிசின்மணிகள் கழுவப்பட்டன

லியோனிசா மொன்சாலேயின் அறைக்குள் இரும்பு நுழைய முடியாது. வாசலில் ஓலைக்கூடை ஒன்று தொங்கும். மோதிரம், சாவிக்கொத்து, கொண்டை ஊசி, தாள்களைக் கோத்த குண்டூசி எல்லாவற்றையும் அதில் இட்ட பிறகே எவரும் உள்ளே காலெடுத்து வைக்கலாம். ஒருமுறை மணிலாவிலிருந்து வந்த மேலதிகாரி ஒருவர், இடுப்புவாரின் கொக்கியும் ஆகாதோ என்று வேடிக்கையாகக் கேட்டார். அதுவும் ஆகாது என்றாள் அவள், சிரிக்காமல். அவர் அன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடியே ஆய்வறையைப் பார்வையிட்டுப் போனார்.

மீன்குளங்களைக் காக்கும் தெயோ மட்டும் இந்தச் சட்டத்தோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்பான்.

"தங்க மோதிரத்துல ஏது மனாங் இரும்பு?" என்பான். தன்னினும் மூத்தவளை அந்தத் தீவில் மனாங் என்றுதான் அழைப்பார்கள்.

"தங்கத்துல இருக்காது. உன் மோதிரத்துல இருக்கும்."

அவன் மனைவி கேட்காத தொலைவில் இருந்தால் அதற்கும் சிரிப்பான்.

பனாய்த் தீவின் தென்கரையில் நெல்வயல் முடிந்து கருமணல் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த நிலையம். கடற்கூண்டுகளில் வளர்க்கும் களவாய் மீன்களைக் கொல்லும் ஒரு கிருமியை அங்கே ஆராய்ந்தார்கள். மீனின் உடல் தன் இரும்பை, உலோபி பொன்னைப் புதைப்பதுபோல் ஒளித்து வைக்கும். இரும்பு இல்லையேல் கிருமி பெருகாது. ஆதலால் அது ஒரு சிறு மூலக்கூறைச் செய்து வெளியே ஏவும். ஏவப்பட்டது போய், ஒளித்த இரும்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு, ஏவியவனிடமே மீளும். நிலையத்தில் அதற்குத் திருடன் என்று பெயர். அந்தத் திருடனைப் பிடித்து, அழுக்கு நீக்கி, அவன் உருவம் இன்னதென்று வரைந்துவிட்டால், அவன் வரும் வழியை அடைக்கலாம், மருந்து தேடலாம். ஆனால் இரும்பு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் கிருமி திருடனை அனுப்பாது. பசித்தவன்தானே கை நீட்டுவான். கிருமியைப் பசியோடு வைத்திருப்பதே லியோனிசாவின் வேலை. ஒரு குண்டூசி போதும், பத்து நாள் உழைப்பு பாழாவதற்கு.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இலோய்லோ நகரக் கல்லூரியில் இரண்டாண்டு வேதியியல் படித்தவள். மூன்றாம் ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தில் தந்தையின் படகைப் புயல் கொண்டுபோயிற்று. தந்தை கரையேறினார், படகு ஏறவில்லை. முப்பத்திரண்டாம் வயதில் கண்ணாடிக் கலம் கழுவ இந்த நிலையத்துக்கு வந்தாள். கழுவியவள், எந்தக் கலத்தில் எது இருந்தது, எது ஏன் கெட்டது என்று கேட்கத் தொடங்கினாள். கேட்டவள் செய்யத் தொடங்கினாள். பத்தொன்பது ஆண்டுகளில் மூன்று டாக்டர்கள் மாறினார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் அவளது ஒப்பந்தம் மட்டும் மாறவில்லை.

அவள் கைபட்டுப் பிறந்த ஆய்வுக் கட்டுரைகள் ஏழு. ஏழின் கடைசிப் பக்கத்திலும், பொடி எழுத்தில், "ஆய்வறைப் பணியாளர்களுக்கு நன்றி" என்று இருக்கும். அவ்வேழையும் வீட்டில் குழந்தை இயேசுவின் பீடத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தாள். தகரம் துருப்பிடித்தபோது பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாள்.

எட்டாவது கட்டுரை அப்படி இராது என்று இந்த ஆண்டு பெப்ரவரியில் டாக்டர் அமாலியா பெலாயோ வாக்குக் கொடுத்திருந்தார். நிலையத்தின் நோய்ப்பிரிவுக்குத் தலைவர் அவர். வேகமாக நடப்பவர், வேகமாகக் கோபிப்பவர், சொன்ன சொல்லை மறக்காதவர்.

"இந்தத் தடவை நன்றியில இல்ல, நிசா. மேல. என் பேருக்குப் பக்கத்துல."

லியோனிசா அதைக் கணவன் கார்லிங்கிடம் சொன்னாள். கார்லிங் தான் ஓட்டும் ஜீப்னி வண்டியில் ஏறிய ஊர் முழுவதிடமும் சொன்னான். ஞாயிறு பாடற்குழுவில் பெண்கள் அவளுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். இனி அவள் பெயர் அச்சில் வராவிட்டால், அந்த இடத்தில் நின்று பாடவேண்டும். அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்குத் தோன்றவில்லை.

திருடனைப் பிடிக்கும் முறை சொல்வதற்கு எளிது. இரும்பற்ற ஊட்டநீரில் கிருமியை வளர்த்து, சுழற்றிக் கிருமியைக் கீழே படியவைத்து, தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். நெடிய கண்ணாடிக் குழல் ஒன்றில் கடுகினும் சிறிய பிசின்மணிகள் நிறைந்திருக்கும். தெளிவை அதன் வழியே சொட்டவிட்டால், நீரும் உப்பும் போய்விடும். திருடன் மணிகளைப் பற்றிக்கொண்டு தங்குவான். பிறகு மெத்தனால் ஊற்றினால் பிடி தளர்ந்து இறங்குவான். இறங்குவதைச் சிறுசிறு குழாய்களில் ஏந்தி, ஒவ்வொன்றிலும் நீலச் சாயம் ஒரு துளி விடவேண்டும். அந்தச் சாயத்தின் நீலத்தைக் கட்டிவைத்திருப்பது இரும்பு. எந்தக் குழாயில் திருடன் இருக்கிறானோ அங்கே அவன் சாயத்தின் இரும்பையும் பறிப்பான். நீலம் போய், செம்மஞ்சள் தோன்றும்.

மே மாதம்வரை லியோனிசா கண்டதெல்லாம் நீலமே. நாற்பது குழாய் வைத்தால் நாற்பதும் நீலம். எப்போதாவது ஒன்றில் சோகை பிடித்தவன் முகம்போல் ஒரு மஞ்சள் தட்டும். மறுமுறை செய்தால் அதுவும் இராது. மாலைத் தின்பண்டம் தின்ன வரும் தெயோ கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்து, "கடலே இங்கதான் இருக்கு போல, மனாங். நான் வீணா வெளிய பாத்துட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போவான்.

மணிகளும் கிழமாகிவிட்டன. ஏழாண்டாக ஒரே மணிகள்; வெண்மை போய்த் துருநிறம் கொண்டிருந்தன. அந்தக் கரையின் கிணற்றுநீர் எல்லாம் துரு. புது மணி கேட்டு எழுதிய விண்ணப்பம், மூன்று கடைகளின் விலைப்பட்டியல் இல்லை என்று திரும்பி வந்தது. உலகில் அந்த மணியைச் செய்வதே இரண்டு கடைகள்தாம் என்று எழுதினார் டாக்டர். மூன்றாவதைத் தேடுக என்று பதில் வந்தது. நீலச் சாயமும் கடைசிப் புட்டிக்கு வந்துவிட்டது. கிருமி இடாத வெறும் ஊட்டநீரை இதே வழியில் செலுத்தி, அது நீலமாகவே நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒப்புப் பார்ப்பது வழக்கம். சாயம் மிச்சப்படட்டும், அதை இப்போதைக்கு நிறுத்து என்றார் டாக்டர். லியோனிசாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும் நிறுத்தினாள்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் பதினோராம் குழாய் செம்மஞ்சளாயிற்று. சோகை மஞ்சள் அன்று. பழுத்த பப்பாளியின் நிறம். அடுத்த வாரமும் அதே குழாய், அதே நிறம். டாக்டர் தம் அறையிலிருந்து ஓடிவந்து, மோதிரத்தைக் கூடையில் இட மறந்து, லியோனிசாவின் முறைப்பைக் கண்டு திரும்பிப் போய் இட்டுவிட்டு வந்து பார்த்தார். ஜூலை, ஆகஸ்ட் முழுவதும் மழைக்காற்று கூரையைப் பறித்துக்கொண்டிருக்க, உள்ளே அவர்கள் அந்தச் செம்மஞ்சளைச் சேர்த்தார்கள். மெத்தனாலை ஆவியாக்கினார்கள், இரண்டாம் முறை பிரித்தார்கள், மூன்றாம் முறை பிரித்தார்கள். இரும்பு பற்றும் மூலக்கூறுகளில் இன்ன குலம் என்று காட்டும் சோதனையிலும் அது நிறம் தந்தது. அறியப்பட்ட எதனோடும் அது பொருந்தவில்லை. புதியது என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி, சன்னிதியில் சொல்வதுபோல்.

மூலக்கூறின் எலும்புக்கூட்டையே காட்டும் பெருங்கருவி மணிலாவில் இருந்தது. அதில் ஒரு நாள் இடம் கிடைக்கப் பதினான்கு மாதம் காத்திருந்தார்கள். செப்டம்பர் இரண்டாம் திங்கட்கிழமை அவர்களுக்குரிய நாள். வெள்ளிக்கிழமை மதியம் அஞ்சல் வண்டியில் மாதிரி போகவேண்டும். அதற்கு முந்தைய திங்களன்று மணிலாவிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதன் ஒன்பதாம் வினா: கிருமியற்ற ஊட்டநீரை இதே முறையில் செலுத்திய ஒப்புச்சோதனையின் முடிவை இணைக்கவும்.

"ஒண்ணு ஓட்டி நீலம்னு எழுதிடு" என்றார் டாக்டர்.

செவ்வாயன்று ஓட்டினாள். பதினோராம் குழாய் செம்மஞ்சளாயிற்று.

அவள் குழாயைச் சன்னலருகே கொண்டுபோனாள். வெளிச்சத்தின் குற்றமன்று. கிருமியே இல்லாத நீரிலிருந்து கிருமியின் திருடன் எப்படி வருவான்? பிள்ளை பெறாதவள் வீட்டில் தாலாட்டுக் கேட்டதுபோல் இருந்தது. குழாய் எண்ணை மாற்றி வைத்திருப்பேன் என்று தன்னையே வைதுகொண்டு, மீண்டும் ஓட்டினாள். மாலை நான்கு மணிக்கு மீண்டும் செம்மஞ்சள்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் படிவத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. பழைய ஓட்டத்தின் எச்சம் மணியில் தங்கியிருக்கும், மணியை நன்றாகக் கழுவி மறுபடி பார் என்றார். அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆகவே புதன்கிழமை மணிகளை மெத்தனாலில் மும்முறை கழுவினாள். முதல் கழுவல் செம்மஞ்சள், இரண்டாவது மங்கல், மூன்றாவது நீலம். பிறகு வெறும் ஊட்டநீரை ஓட்டினாள். நாற்பது குழாயும் நீலம். அந்த நீலத்தைக் கண்டு அவள் மகிழ்ந்த நேரம் ஒரு மணி. அதன்பின் கிருமி வளர்ந்த தெளிவை, சேமித்ததிலிருந்து எடுத்து, அதே குழலில் ஓட்டினாள். அதுவும் ஏறக்குறைய நீலமாகவே இருந்தது. பதினேழாம் குழாயில் மட்டும் ஒரு சோகை மஞ்சள்.

ஆக, மூன்று மாதமாக அவர்கள் சேர்த்த பொன் அந்த மணிகளிலிருந்தே வந்தது. மணிக்குள் எவனோ எதையோ இட்டிருக்கிறான்.

தவறுதலாக இரும்பு சேர்ந்திருக்கலாம் என்று வேறொருவராயின் எண்ணியிருப்பர். அவளுக்குத் தெரியும், இரும்பு மிகுந்தால் சாயம் நீலமாகவே நிற்கும், நிறம் மாறாது. இது இரும்பன்று, இரும்பைப் பறிக்கும் வேறொன்று. தேநீர் பறிக்கும், காப்பி பறிக்கும், கொய்யா இலைச் சாறு பறிக்கும். அவள் நினைவு தெயோவின் காப்பிக் குடுவைக்குப் போயிற்று. கழுநீர்த் தொட்டியின் விளிம்பில், மணிகள் ஊறும் கலத்துக்கு ஒரு முழத்தில், அந்தக் குடுவையை அவள் பலமுறை கண்டு பலமுறை கத்தியிருக்கிறாள்.

வியாழனன்று காலை குளக்கரைக்கே போய் அவனைப் பிடித்தாள்.

"என் தொட்டியில காப்பி கொட்டுனியா?"

"நல்ல காப்பிய யாராவது கொட்டுவாங்களா?"

"விளையாடாத தெயோ. மூணு மாசம் போச்சு எனக்கு. உன் குடுவை அங்கதான இருக்கும் எப்பவும்?"

அவன் வலையைக் கீழே வைத்தான். அவள் கண் சிவந்திருப்பதை அப்போதுதான் பார்த்தான் போலும். ஆனால் அவனுக்கும் ரோஷம் இருந்தது.

"மனாங், பத்தொம்பது வருஷமா நீங்க என்னைத் திருடனப் பாக்கற மாதிரி பாக்கறீங்க. மோதிரத்தக் கழட்டு, கத்திய வெளிய வை. நானும் வெச்சிட்டுத்தான் வரேன். உங்க மணிய நான் தொட்டது கிடையாது. தொட்டவங்க யாரு? யோசிங்க. அந்த ரூம்ல உங்களத் தவிர எவனுக்குத் தைரியம் இருக்கு மணியத் தொட?"

அவள் ஆய்வறைக்குத் திரும்பினாள். அன்று முழுவதும் வேலை எதுவும் தேறவில்லை. தண்ணீரைச் சோதித்தாள், நீலம். மெத்தனாலைச் சோதித்தாள், நீலம். குழலை மூடும் பஞ்சைக்கூட விடவில்லை. ஒவ்வொரு நீலமும் அவளை எள்ளுவதுபோல் இருந்தது. காணாமற்போனதைக் காட்டித்தரும் அந்தோனியாருக்கு மதிய இடைவேளையில் மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றி வந்தாள். அதையும் கடற்காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினாள்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். துவரையும் பலாக்காயும் பன்றிக்காலும் சேர்ந்த குழம்பு அடுப்பில் இருந்தது, கார்லிங் சமைத்திருந்தான். கொல்லையில் அவனது வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஞாயிறு திருப்பலிக்கு அணிவது. கொடிக்கம்பியின் துரு முதுகுப்புறத்தில் கோடாகப் படிந்திருந்தது.

"இது போகுமா பாரு. நீ ஆத்தர் ஆகப்போற. பக்கத்துல நிக்கறவன் துருவோட நிக்கலாமா?" என்றான் அவன்.

கொல்லை வாசலில் பிலிம்பி மரம். அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்த்து, விரல் நீளத்தில் பச்சையாய்த் தொங்கும். மீன் புளிக்குழம்புக்கு அது, துருக்கறைக்கும் அது. அந்தக் கரையில் பிறந்த எந்தப் பெண்ணும் துருக்கறைக்குச் சவுக்காரத்தைத் தேடமாட்டாள். லியோனிசா இரண்டு காயைப் பறித்து, கல்லில் நசுக்கி, சாற்றைக் கறைமேல் தேய்த்தாள். பழுப்புக் கோடு இளகிற்று, வெளிறிற்று, மறைந்தது. துரு எங்கே போயிற்று? சாறு கொண்டுபோயிற்று. சாறு துருவின் இரும்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயிற்று.

அவள் கை அப்படியே நின்றது.

துருநிறம் கொண்ட மணிகள் அவள் கண்ணுக்குள் வந்தன. ஜூன் முதல் வாரம். புது மணி வாராது என்ற கடிதம் வந்த அன்று, எரிச்சலில், வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் காய் கொண்டுபோய், நசுக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மணிகளை அதில் ஊறவைத்தாள். மறுநாள் காலை மணிகள் முத்துப்போல் வெளுத்திருந்தன. எவ்வளவு மகிழ்ந்தாள்! தண்ணீரில் பத்துமுறை அலசினாள். தண்ணீரில்தான். அதன்பின் ஒவ்வொரு வாரமும் ஓட்டத்துக்கு முன் அவ்வாறே செய்தாள். தட்டு கழுவியதை எவரேனும் நினைவில் வைப்பார்களா? நீருக்கு இறங்காத எத்தனையோ பொருள் அக்காயில் இருக்கும். அவற்றைப் பற்றிப் பிடித்துக்கொள்வதே அந்த மணியின் பிறவிக்குணம். மெத்தனாலுக்கு அவை இறங்கும். இவ்வளவும் அவள் அறிந்ததே. பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறருக்குச் சொன்னதே.

"என்ன ஆச்சு? கறை போயிடுச்சே" என்றான் கார்லிங்.

"போயிடுச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை முதல் ஜீப்னியில் நிலையத்துக்குப் போனாள். முதலில் குறிப்பேட்டைத் திறந்தாள். அவளது கையெழுத்து, ஒரு நாளும் பிறழாதது. ஜூன் நான்கு: பிசின்மணிகள் கழுவப்பட்டன. ஜூன் பதினொன்று: பிசின்மணிகள் கழுவப்பட்டன. பன்னிரண்டு வாரமும் அதே வரி. எதனால் என்று ஓரிடத்திலும் இல்லை. மெத்தனால் எத்தனை சொட்டு என்று எழுதியவள், அறையின் வெப்பத்தைக் காலையும் மாலையும் எழுதியவள், இதை எழுதவில்லை. மறைக்கவில்லை; எழுதத் தோன்றவில்லை. எவன் பிழை என்று தேடித் தெயோவையும் தண்ணீரையும் பஞ்சையும் சந்தேகித்த மூன்று நாளில், தன்னுடையதை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கைப்பையிலிருந்து ஒரு காயை எடுத்து நசுக்கினாள். சாறு ஒரு துளி. நீலச் சாயம் ஒரு துளி. கண்ணிமைக்குமுன் அது பப்பாளி நிறம் கொண்டது. சாற்றை மணியில் ஏற்றி மெத்தனாலில் இறக்கினாள். பதினோராம் குழாயிலேயே இறங்கிற்று. குலம் காட்டும் சோதனையும் செய்தாள். அதுவும் ஆம் என்றது.

டாக்டர் எட்டரை மணிக்கு வந்தார். அஞ்சல் பெட்டிக்குள் வைக்கப் பனிக்கட்டி கேட்டார். லியோனிசா ஒரு கையில் காயையும் மறு கையில் குழாயையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

நடந்ததை அவள் சொல்லி முடிக்கும்வரை டாக்டர் குறுக்கிடவில்லை. அது அவர் இயல்பன்று. முடித்ததும் அவள் கையிலிருந்த குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பின்பு கேட்டார்:

"அதுல நம்மதும் கொஞ்சம் இருக்கும்ல?"

"இருக்கலாம் டாக். மத்தது பூராவும் காய்தான்."

"அனுப்பிப் பாப்போம். பதினாலு மாசம், நிசா. அடுத்த இடம் எப்ப கிடைக்கும்னு உனக்குத் தெரியும். நான் மார்ச்சுல ரிட்டயர்டு. மெஷின் சொல்லட்டுமே, எது காய், எது கிருமின்னு."

ஆசை எத்தகையோரையும் ஒருகணம் குனியவைக்கும். லியோனிசாவும் குனிந்தாள். படிவத்தின் ஒன்பதாம் வினாவில் நீலம் என்று எழுதினால் போதும்; புதன்கிழமை மும்முறை கழுவிய மணிகள் உண்மையாகவே நீலம் தந்தன. அது பொய்கூட அன்று. தன் பெயர் டாக்டரின் பெயர்ப் பக்கத்தில் நிற்பதை அவள் கண்டாள். பாடற்குழுவின் முன்வரிசையைக் கண்டாள்.

"இந்தக் கரையில எத்தனையோ களவா மீன் செத்துருக்கு டாக்" என்றாள் கடைசியில். "ஒண்ணு கூட பிலிம்பிக்காய் தின்னு சாகல."

டாக்டர் அதற்குச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. கையிலிருந்த படிவத்தை மேசைமேல் அறைந்தார்.

"பத்தொம்பது வருஷம். அடுத்தவன் மோதிரத்தக் கழட்டச் சொல்லுவ. இடுப்பு பெல்ட்டக் கழட்டச் சொல்லுவ. காய நசுக்கி என் மணில ஊத்துவ. ஒரு வார்த்தை எழுத மாட்ட."

"எழுதல டாக்."

"ஏன்?"

துருவுக்குப் பிலிம்பி என்பது சோற்றுக்கு உப்பு என்பதுபோல. உப்பிட்டேன் என்று எவரும் எழுதிவைப்பதில்லை. இதை டாக்டரிடம் சொன்னால் சாக்குப்போக்காகிவிடும். ஆகவே காயைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. ஒப்புச்சோதனையை நிறுத்தச் சொன்னது யார் என்பதை அவள் நினைவூட்டவில்லை. டாக்டருக்கும் நினைவிருந்திருக்க வேண்டும். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் மழையைப் பார்த்தார்.

பத்தரை மணிக்கு மணிலாவுக்குத் தொலைபேசினார். திங்களன்று தங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்றார். அடுத்த இடம் அடுத்த ஆண்டு நவம்பரில் என்று பதில் வந்தது போலும். டாக்டர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு கணினிமுன் அமர்ந்து கடிதம் அடித்தார். அஞ்சல் வண்டி மதியம் வந்தபோது, மாதிரிப் பெட்டிக்குப் பதிலாக அந்தக் கடிதமே போயிற்று. போகுமுன் லியோனிசாவை அழைத்துக் கையொப்பம் கேட்டார்.

நான்கு வரிக் கடிதம். அனுப்புவதாக இருந்த மாதிரி, பிசின்மணிகளைத் துப்புரவு செய்யப் பயன்பட்ட பழச்சாற்றால் மாசுற்றது என்று இருந்தது. சாற்றைப் பயன்படுத்தியவர்: லியோனிசா மொன்சாலே. பிழையைக் கண்டறிந்தவர்: லியோனிசா மொன்சாலே. ஒப்புச்சோதனையை நிறுத்த ஆணையிட்டவர்: அமாலியா பெலாயோ. மூன்று பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில், மை காயாமல் நின்றன. நிலையத்தின் முத்திரைத்தாளில் அவள் முழுப்பெயர் அச்சாவது அதுவே முதல் முறை.

"சொன்ன மாதிரி பக்கத்துல போட்டுட்டேன்" என்றார் டாக்டர். கோபம் தணியாத குரல்தான். "மணிய எதால கழுவுறதுன்னு இப்பவே எழுதி ஒட்டு, சுவத்துல."

அவள் கையொப்பமிட்டாள். பிறகு சுவரில் ஒட்டத் தாள் தேடிப் போனாள்.

பிற்பகல் தெயோ குடுவையோடு வந்தான். வாசலில் நின்றே மோதிரத்தைக் கழற்றிக் கூடையில் இட்டான். அவள் அவனிடம் காப்பிக்காகத் திட்டியது தவறு என்றாள். எது செய்தது என்பதையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, கூடைக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"என்ன தேடுற?"

"பிலிம்பிக்காய். இனிமே அதையும் இங்கதான போட்டுட்டு உள்ள போகணும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயினும் கைப்பையைத் திறந்து, மீந்திருந்த இரண்டு காய்களை எடுத்து, அவன் மோதிரத்துக்குப் பக்கத்தில் இட்டாள். மாலைக்குள் மணிகளை மறுபடி மெத்தனாலில் கழுவி, குழலில் நிரப்பி, கிருமியிடாத வெறும் ஊட்டநீரை முதலில் ஓட்டினாள். நாற்பது குழாய், நாற்பதும் நீலம். குறிப்பேட்டில் அந்த நாளின் வரியை எழுதினாள். பிசின்மணிகள் கழுவப்பட்டன. பேனாவை எடுக்காமல், எதனால், எவ்வளவு, எத்தனை முறை, யாரால் என்று முழுவதும் எழுதினாள். பிறகு, பதினேழாம் குழாயின் அந்தச் சோகை மஞ்சளைத் தேடி, கிருமித் தெளிவைக் குழலில் ஊற்றத் தொடங்கினாள். நவம்பருக்குப் பதினான்கு மாதம் இருந்தது.